அட்டைக்கு உள்ளே இருந்தவர்கள்

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன ஆண்பிள்ளை, முகத்தில் மீசையும் வீட்டில் மனைவியும் இருக்கும்போது, மல்யுத்தத் தடியர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டுகளைச் சேர்த்துக்கொண்டு திரிவது ஊரில் சொல்லிக்கொள்ளும்படியான காரியம் இல்லை. ஞானதாஸுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அந்தச் சீட்டுக்கட்டை மேரியின் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தான். அரிசி டப்பாவை தினமும் திறப்பவளே மேரிதான் என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"இன்னாய்யா, அரிசிக்குள்ள ஆறேழு பேரு ஜட்டியோட நின்னுக்கினு கீறாங்க" என்றாள் அவள். "தனியா எடுத்து வைக்கட்டுமா, இல்ல சேத்து வடிச்சிடட்டுமா?"

அதற்குப் பிறகு ஒளிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. ஆனாலும் டப்பாவே நிலையான இடமாகிவிட்டது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசவன் என்பவருடைய போட்டோ ஸ்டூடியோவில் ஞானதாஸுக்கு வேலை. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பது, இருட்டறையில் கழுவுவது, வெட்டுவது, லேமினேஷன் போடுவது எல்லாம் அவன்தான். இன்னொரு வேலையும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் யாராவது போய்ச் சேர்ந்தால் வீட்டுக்காரர்கள் ஓடிவருவார்கள். பல பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் கேஸ் கனெக்‌ஷனுக்கோ ரேஷன் கார்டுக்கோ எடுத்ததாக இருக்கும். அந்தத் துளி முகத்தைப் பெரிதாக்கி, கலைந்த முடியைப் பிரஷ்ஷால் வாரிவிட்டு, சட்டம் போட்டுக் கொடுப்பான். உயிரோடு இருந்தபோது அவர்கள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

சீட்டு விளையாட்டில் அவனுக்கு ஒரே ஜோடி செங்கேணி. சாலவாக்கம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவர். ஞானதாஸைவிடப் பத்து வயது மூத்தவர். வெட்கப்படுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஆட்டம் எளிது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பயில்வான் படம், கீழே உயரம், எடை, ஜெயித்த சண்டைகள். ஒருவன் ஒரு கணக்கைக் கூவுவான். யாருடையது அதிகமோ அவன் மற்றவன் சீட்டைப் பிடுங்கிக்கொள்வான். ஆட்டத்துக்கு வெளியே மாற்றிக்கொள்வதும் உண்டு. அதில் செங்கேணி ஒரு வழக்கம் வைத்திருந்தார். யாரிடமும் சும்மா வாங்கமாட்டார், சும்மா கொடுக்கவும் மாட்டார்.

"சொம்மா வாங்கினா அது என்னுது இல்லடா தாசு. எதனா ஒண்ணு குடுத்து வாங்கினாத்தான் கைமாறினா மாதிரி."

ஒருமுறை ஒரு பீடியைக் கொடுத்து ஒரு பயில்வானை வாங்கியிருக்கிறார்.

வெளிநாட்டுத் தடியர்கள் சலித்தபோதுதான் ஞானதாஸுக்கு அந்த யோசனை வந்தது. நம்மூர் ஆட்களை வைத்துச் சீட்டு செய்தால் என்ன? ஸ்டூடியோவில் மீந்த படங்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சாயத்து மோட்டார் போடுகிற வேதகிரிக்கு 'இருமல் 95' என்று போட்டான். பூக்காரி சொக்கம்மாளுக்கு 'வாய் 98'. டவுன் பஸ் கண்டக்டர் சின்னப்பையனுக்கு 'விசில் 100'. தனக்கும் ஒன்று செய்துகொண்டான். உயரத்தில் இரண்டு அங்குலம் பொய் சொன்னான். மற்றதில் நேர்மையாக இருந்தான். 'பலம் 12, தைரியம் 3, வாய் 99.'

போட்டோத் தாள் மெலிசு, சுருண்டுகொள்ளும். சீட்டு என்றால் கையில் கெட்டியாக நிற்கவேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஸ்டூடியோவில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கெட்டுப்போன பிரிண்ட்டுகள் கிடக்கும். கண் மூடியவர்கள், தும்மியவர்கள், கடைசி நிமிஷத்தில் திரும்பிப் பார்த்தவர்கள். முன்பக்கப் படத்துக்கும் பின்பக்க அட்டைக்கும் நடுவில் அதில் ஒன்றைச் செருகி ஒட்டி லேமினேஷன் போட்டால், கடைச் சீட்டு தோற்றுப்போகும். பெரும்பாலும் அந்தந்த ஆளுடைய கெட்ட படத்தையே உள்ளே வைப்பான். இல்லாதபோது கைக்கு அகப்பட்டது.

தன் சீட்டுக்குள் மட்டும் யோசித்து வைத்தான். மேரி படமெடுக்க வந்தபோது பிளாஷ் மின்னும்போதெல்லாம் கண்ணை மூடினாள். அதில் தேறாத ஒன்றை எடுத்து, தன் முகத்துக்குப் பின்னால் ஒட்டினான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். சிரித்தால் பரவாயில்லை, பக்கத்து வீட்டிலும் சொல்லிச் சிரிப்பாள்.

அவ்வளவு ஆசையாகச் செய்த சீட்டை ஒருவன் கைவிடுவானா என்றால், விடுவான். செங்கேணியிடம் முதல் ரேங்க் பயில்வானின் தங்கச் சீட்டு இருந்தது. வெயிலில் காட்டினால் சுவரெல்லாம் மின்னும். ஞானதாஸின் சீட்டுக்கட்டில் இல்லாத ஒரே சீட்டு அதுதான்.

"நாலு நம்மூர் ஆளு குடு, எடுத்துக்க" என்றார் செங்கேணி.

வேதகிரி, சொக்கம்மாள், சின்னப்பையன் என்று வரிசையாக அவர் கையில் வைத்தான். நாலாவதுக்குத் தன் சீட்டை நீட்டினான். என் மூஞ்சிதானே, நாளைக்கு இன்னொன்று ஒட்டிக்கொண்டால் போகிறது என்று நினைத்தான். தங்கம் கண்ணில் அடித்துக்கொண்டிருந்ததால், மூஞ்சிக்குப் பின்னால் இருந்தவளை அவன் அந்த நேரம் மறந்தே போனான்.

சில நாளில் வேதகிரியின் மகன் ஸ்டூடியோவுக்கு வந்தான். "நைனா பூட்டாரு. படம் பெருசு பண்ணணும்."

வயதான மனிதர், இருமல் 95. ஞானதாஸ் வருத்தப்பட்டான், சட்டம் போட்டுக் கொடுத்தான்.

அடுத்து சொக்கம்மாள். பூக்கூடையோடு ரோட்டைக் கடக்கும்போது மணல் லாரி அடித்துவிட்டது. அடக்கத்துக்குப் போய் எல்லாரையும் போல ஒரு பிடி மண் போட்டான். வீட்டுக்கு வந்து எவ்வளவு கழுவியும் விரலிடுக்கில் மண் நெருடுகிற மாதிரியே இருந்தது. அன்றைக்குத்தான் அந்த எண்ணம் முதலில் வந்தது. நான் செங்கேணி கையில் வைத்த அதே வரிசை.

"இன்னாடா தாசு" என்று செங்கேணியே சிரித்தார், "நீ குடுக்கற ஆளுங்கல்லாம் அவுட் ஆயிக்கினே வராங்க? கெட்டுப்போன சரக்க என் தலைல கட்டிட்டியா?"

ஞானதாஸ் சிரித்தான். அவன் பிழைப்பே சிரிப்புதான். ஆனால் மறுநாளிலிருந்து சின்னப்பையனின் பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டு சைக்கிளில் வேலைக்குப் போனான். வழியில் அந்த பஸ் எதிரே வந்தால் இறங்கி, ரோட்டோரம் நின்று, கண்டக்டர் படியில் உயிரோடு தொங்குகிறாரா என்று பார்த்துக்கொள்வான். சின்னப்பையன் விசிலடித்துக் கையாட்டுவார். அதைக் கேட்டால் கொஞ்சம் தெம்பு வரும். பிறகு, சின்னப்பையனுக்கு அடுத்து யார் என்பது நினைவுக்கு வந்து தெம்பு போய்விடும்.

நாலாவது ஆள் அவனல்லவா?

சாகப்போகிறவன் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரியவில்லை. மேரிக்கு ஏழாம் மாதம். தொட்டிலுக்குக் கொக்கி மாட்டினான். மேரி நீண்ட நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த கதவுக் கீல் ஒன்றைச் சரிசெய்தான். தன் படம் ஒன்றை நல்லதாக எடுத்து, தானே பெரிதாக்கியும் பார்த்தான். மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரி முடியைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினான்.

"இன்னாய்யா, வேலையெல்லாம் சொல்லாமலே பண்ற?" என்றாள் மேரி. "எங்கனா தப்பு கிப்பு பண்ணிட்டியா?"

அப்போதுதான் ஜெயம்மா இறந்தாள். மாவு மில்லில் வேலை செய்தவள். காலை நாஷ்டா முடித்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். சேதி கேட்டதும் ஞானதாஸுக்குத் தோன்றியது, வெளியில் சொல்லக்கூடாத ஒரு சந்தோஷம். ஜெயம்மாவுக்கு அவன் சீட்டே செய்யவில்லை! அப்படியென்றால் வரிசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆட்கள் சாகிறார்கள், சாவது ஆட்களின் வழக்கம். அன்று காலை விசிலடித்துக்கொண்டேதான் ஸ்டூடியோவைத் திறந்தான்.

பதினொரு மணி வாக்கில் ஜெயம்மாவின் மகன் ரமேஷ் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கம்மா படம் எதனா கீதாண்ணா? வூட்ல ஒண்ணு கூட இல்ல. இங்க ஒருவாட்டி எடுத்துக்கினாங்க."

"இருப்பா, பாக்கறேன்."

நெகட்டிவ் கிடைக்கவில்லை. நல்ல பிரிண்ட்டும் இல்லை. ஜெயம்மா அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டே இருந்ததால், ஒரு படத்தில் வாய் திறந்தே விழுந்தது. அந்தக் கெட்ட படமாவது பிஸ்கட் டப்பாவில் இருக்குமே என்று கையை விட்டுத் துழாவினான். தும்மியவர்கள் வந்தார்கள், திரும்பியவர்கள் வந்தார்கள். வாய் திறந்தவள் வரவில்லை.

டப்பாவுக்குள் கை அப்படியே நின்றது.

சின்னப்பையன் எப்போதும் அவசரக்காரர். பஸ் கிளம்பும் நேரத்தில் ஓடிவந்து, ஒரே படம், ஒழுங்காக விழுந்தது. அவருக்குக் கெட்ட படமே கிடையாது. அதனால் அவர் சீட்டுக்குள் வைப்பதற்கு டப்பாவிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுத்தான். திறந்த வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒட்டியதுகூட நினைவிருக்கிறது.

"கீதாண்ணா?" என்றான் ரமேஷ்.

"தேடித் தரேன். நீ வூட்டுக்குப் போ."

சைக்கிளை எடுத்தவன் சாலவாக்கம் ரோடு வரைக்கும் உட்காரவில்லை, நின்றபடியே மிதித்தான். செங்கேணி ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார்.

"ணா, அந்தக் கண்டக்டர் சீட்டக் காட்டு."

"இன்னாடா மூச்சு வாங்கற? தோ, பொட்டில கீது பாரு."

சின்னப்பையனின் சீட்டை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தான். வெளிச்சம் ஊடுருவியது. கண்டக்டரின் மீசைக்குப் பின்னால் இன்னொரு முகம் மெல்ல மேலே வந்தது. திறந்த வாய். அவனைத் திட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் இருப்பவர்கள் இல்லை. உள்ளே இருப்பவர்கள். வேதகிரிக்குள் வேதகிரி இருந்தார், சொக்கம்மாளுக்குள் சொக்கம்மாள் இருந்தாள். அதனால்தான் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைமாறினால் உள்ளே இருக்கிற ஆள் போகிறார்.

நாலாவது சீட்டுக்குள் இருப்பது யார் என்பதை அவன் நினைக்கவேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வந்து நின்றது, கண்ணை மூடிக்கொண்டு.

"ணா, என் சீட்டக் குடுத்துடு. என் மூஞ்சி போட்டது."

"அது வூட்ல கீதுடா. சொம்மாவா கேக்கற?"

"தங்கத்தக் குடுக்கறேன். மொத்தக் கட்டையும் குடுக்கறேன்!"

செங்கேணி டியூபைக் கீழே வைத்தார். "வெயில்ல எங்கனா சுத்தினியா? போய் தங்கத்த எடுத்துக்கினு வா. நானும் வூட்டுக்குப் போய் கொண்டாறேன். மத்ததெல்லாம் எனக்கு வேணாம்."

வீடு பூட்டியிருந்தது. மேரி செக்கப்புக்காக உத்திரமேரூர் போவதாகச் சொன்ன நாள் அது என்பது கதவைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. ரோட்டில் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பாள். நிலைப்படி மேலிருந்து சாவியை எடுத்தான். சாவி ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவன் சரிசெய்த கீலில் கதவு சத்தமே போடாமல் திறந்தது. அது என்னமோ அவனுக்குப் பிடிக்கவில்லை. அரிசிக்குள் கையைவிட்டுத் தங்கத்தை உருவினான். பயில்வான் புஜத்தைக் காட்டிச் சிரித்தார்.

திரும்பி வந்தபோது செங்கேணி கையில் சீட்டோடு நின்றார். ஒருவர் நீட்ட மற்றவர் வாங்கினார். கைமாறியது. ஞானதாஸ் தன் மூஞ்சியைச் சட்டையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா தாசு, பொண்டாட்டி போட்டோவ உள்ள வச்சி ஒட்டிக்கீற? பெரிய ஆளுதான் நீ!" என்றார் செங்கேணி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சீட்டு தொட்டில விய்ந்துடுச்சுடா. ஊறிக்கினு பிரிஞ்சிபோச்சு. பாத்தா உள்ள மேரி. இத்த நாம வச்சிக்கினு இருந்தா நல்லாவா கீதுன்னு காலைல உன் வூட்டாண்ட போய் குடுத்துட்டேன். அவ சொம்மா வாங்கிக்கமாட்டேன்னுட்டா. அன்னிய ஆம்பள கையால ஓசில எதுவும் வாணாம்னு ரெண்டு முட்டையக் குடுத்துட்டுத்தான் வாங்கினா. என்ன வுட கறாரா கீறா."

ஞானதாஸ் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். தன்னைத் தானே இரண்டு முட்டைக்கு வாங்கிக்கொண்டுவிட்டாள் மேரி. அவனைப் போன்ற ஒருவனை நம்பாமல், தெரியாமலே அவள் தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அது கெட்டியாக நின்றது.

"ணா, அப்ப இதுக்குள்ள...?"

"தொளதொளன்னு இருந்திச்சு. நம்ம அனுஷா பஸ் பாஸுக்கு எடுத்தது ஒண்ணு மீந்து கெடந்துச்சு, அத்த வச்சி பஞ்சர் சொலூஷன் போட்டு ஒட்டிட்டேன். இனிமே நீ நெனச்சாலும் பிரிக்க முடியாது" என்று பெருமையாகச் சொன்னார் செங்கேணி.

அனுஷா அவருடைய ஒரே மகள். எட்டாவது படிக்கிறாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

"இத்த நீயே வச்சிக்கணா. எனக்கு வேணாம்."

"டேய், பேஜார் பண்ணாத. கைமாறினது மாறினதுதான்." தங்கச் சீட்டை வெயிலில் காட்டி, கூரையில் ஓடிய மினுக்கத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார் அவர். சொல்லிவிடலாம் என்று ஞானதாஸ் வாயைத் திறந்தான். ஒரு அப்பனிடம் இதை எப்படிச் சொல்வது? வாய் 99 என்று போட்டவன் எவனோ, அவனைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கடைக்கு முன்னால் சைக்கிள் மணி அடித்தது. "நைனா, டியூஷன் போயிக்கினு கீறேன்!" இரட்டைச் சடை பறக்க அனுஷா போய்க்கொண்டிருந்தாள். திருமுக்கூடல் பக்கத்திலிருந்து மணல் லாரிகள் வரிசையாக வருகிற அதே ரோட்டில்.

ஞானதாஸ் சைக்கிளில் பாய்ந்தான். ஒரு கையில் மிதிவண்டி, ஒரு கையில் சீட்டு, பல்லில் அதன் ஓரம். சொலூஷன் நாற்றம் மூளைக்கு ஏறியது. "அனு! தாயி! நில்லும்மா!"

புளியமரத்தருகே அவள் காலை ஊன்றி நின்றாள். "இன்னா தாசு மாமா, அட்டையத் துன்னுக்கினு வர? வூட்ல சோறாக்கலியா?"

பதில் சொல்ல வாய் ஒழியவில்லை. கடைசியில் சீட்டு வாயைப் பிளந்தது. உள்ளேயிருந்து அனுஷா வந்தாள், பயந்த கண்ணோடு.

"இந்தா, வாங்கிக்க."

"ஐய, இதுல நான் கொரங்காட்டம் கீறேன். வாணாம்."

"வாங்கிக்கம்மா. பதிலுக்கு எதனா ஒண்ணு குடு. எதனா."

"வேணாம்ன்றத வாங்கவும் சொல்ற, அதுக்கு நான் குடுக்கவும் வேற வேணுமா? நல்லா கீதே உன் வேபாரம்!"

தூரத்தில் ஹாரன் கேட்டது. லாரி வளைவில் தெரிந்தது.

"மாமா உன் கால்ல வேணா விழறேன். குடு."

பெரியவர் ஒருவர் நடுரோட்டில் அழப்போவதைப் பார்க்க அவளுக்கு என்னமோ போல் இருந்திருக்க வேண்டும். பையைத் திறந்து ஜாமென்ட்ரி பாக்ஸைத் துழாவ ஆரம்பித்தாள். மெதுவாகத் துழாவினாள். பென்சிலை எடுத்தாள், நல்ல பென்சில் என்று திரும்ப வைத்தாள். லாரி வந்துகொண்டிருந்தது. ஞானதாஸ் சைக்கிளை நகர்த்தி, அவளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான். தைரியம் 3.

"இந்தா" என்று பல்தடம் பதிந்த பாதி ரப்பரை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவள் படத்தை வாங்கி, பாக்ஸில் போட்டு மூடினாள். டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக அவன் எதையும் கொடுத்திருப்பான்.

லாரி இருவரையும் உரசுவதுபோல் கடந்தது. ஈர மணலும் டீசலும் கலந்த காற்று முகத்தில் அறைந்தது. ஒரு வினாடி கழித்து அவன் கண்ணைத் திறந்தான். அனுஷா முகத்தைச் சுளித்துக்கொண்டு, சடையைத் தட்டிக்கொண்டு, முழுசாக நின்றாள். பிறகு மணியடித்தபடி போய்விட்டாள்.

இடது கையில் ரப்பர் இருந்தது. வலது கையில் சீட்டு இல்லை. லாரியின் காற்று அதை உருவிக்கொண்டு போயிருந்தது. பின்பலகை இடுக்கில் செருகியபடி ஞானதாஸின் மூஞ்சி, உத்திரமேரூர் திசையில் சிறுத்துக்கொண்டே போனது. உள்ளே யாரும் இல்லை. முன்னால் இருக்கிறவனைத் தவிர.

பதிலுக்கு எதுவும் வாங்கவில்லையே என்று சொல்லிக்கொண்டான். சும்மா போனால் அது கைமாறினதாகாது. செங்கேணியின் வழக்கம் அது. அவர் பொய் சொல்லமாட்டார்.

பிறகு வலது உள்ளங்கை நெருடியது. விரித்துப் பார்த்தான். லாரியிலிருந்து சிந்திய ஆற்று மணல், ஈரத்தோடு, ஒரு பிடிக்கும் கொஞ்சம் குறைவாக இருந்தது. தன் விலையைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான். சிரிக்கப் பார்த்தான். பின்னால் அடுத்த லாரியின் ஹாரன் கேட்டது.